டிரெய்லர் இழுத்துச் செல்லும்போது: ஆஸ்திரேலியச் சாலைகளிலிருந்து சில அனுபவங்கள்

சிட்னி உறுப்பினர்

ஆஸ்திரேலியாவில் வீடு மாற்றுபவர்கள் வாடகைக்கு ஒரு டிரெய்லரை எடுத்து, சொந்தக் காரின் பின்னால் பூட்டிக்கொண்டு புறப்படுவது மிகச் சாதாரணமான காட்சி. புதிதாக இதில் இறங்கும் நம்மவர்கள், திருப்பங்களில் எப்படி ஓட்டுவது, பின்னோக்கி எப்படி எடுப்பது என்றெல்லாம் அக்கறையோடு விசாரிக்கிறார்கள். சாமான்களை டிரெய்லரின் எந்தப் பகுதியில் ஏற்றுவது என்று கேட்பவர்களை மிக அரிதாகவே பார்த்திருக்கிறேன். பயணம் பாதுகாப்பாக முடியுமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அந்தக் கேள்விதான் என்று நம்புவதால், என் கண்ணெதிரே நடந்த ஒன்றை எழுதுகிறேன்.

நண்பர் ஒருவரின் குடும்பம் சிட்னியிலிருந்து கான்பெராவுக்குக் குடிபெயர்ந்தது. அவர் டிரெய்லரை இழுத்துச் செல்ல, நான் அவருடைய பிள்ளைகளை என் காரில் ஏற்றிக்கொண்டு பின்தொடர்ந்தேன். சாமான் ஏற்ற வந்தவர்கள், புது வீட்டில் முதலில் இறக்க வேண்டியவை என்று கருதி, குளிர்சாதனப் பெட்டியையும் துணி துவைக்கும் இயந்திரத்தையும் கடைசியில், பின்கதவை ஒட்டி வைத்திருந்தார்கள். கோல்பர்ன் வரை குறை சொல்ல எதுவும் இல்லை. அதைத் தாண்டி ஃபெடரல் நெடுஞ்சாலையில் திரும்பி, ஜார்ஜ் ஏரியை ஒட்டிய பகுதிக்கு வந்தபோது நிலைமை மாறியது. அந்த ஏரி அடிக்கடி வற்றிவிடும். அப்போது கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெட்டவெளிதான். எதிர்ப்புறத்தில் காற்றாலைகளை வரிசையாக நட்டிருப்பதிலிருந்தே அங்கே எப்படிக் காற்று வீசும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

மணிக்கு 100 கிலோமீட்டரை நெருங்கிச் சென்றுகொண்டிருந்தோம். சாலை சற்றே இறக்கமாக இருந்த இடத்தில் பக்கக் காற்று ஒன்று ஓங்கி அடித்ததும், டிரெய்லரின் பின்பகுதி இடப்புறம் ஒதுங்கி, உடனே வலப்புறம் வந்தது. ஒவ்வொரு வீச்சும் முந்தையதைவிடப் பெரிதாக, காரின் பின்சக்கரங்களையே இழுத்து அசைத்தது. நண்பர் பிரேக்கைத் தொடவில்லை. ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கமாக வெட்டவும் இல்லை. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்தபடி, வேகம் தானாகக் குறையும்வரை பொறுத்திருந்தார். வேகம் இறங்க இறங்க ஆட்டமும் அடங்கியது.

அவர் செய்ததுதான் சரி. பிரேக் இல்லாத டிரெய்லரை இழுக்கும்போது காரின் பிரேக்கை அழுத்தினால் கார் மட்டுமே தடைபடும். பின்னாலுள்ள சுமை முன்னோக்கித் தள்ளி, இரண்டையும் கத்திரிபோல் மடக்கிவிடும். ஸ்டீயரிங்கைத் திருப்பி ஆட்டத்தை ஈடுகட்ட முயன்றால், நம் கை எப்போதும் ஒரு கணம் தாமதமாகவே வேலை செய்வதால், அந்தத் திருப்பமே அடுத்த வீச்சுக்கு வலுச்சேர்க்கும்.

அருகிலிருந்த ஓய்விடத்தில் நிறுத்திப் பார்த்தபோது, காரின் பின்பகுதி கனமான டிரெய்லரை இழுக்கும் கார்போலத் தாழ்ந்திராமல், லேசாகத் தூக்கியபடி இருந்தது. டிரெய்லரின் மொத்த எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு, காரின் பின்னால் டிரெய்லரைப் பூட்டும் உருண்டையான இணைப்புப் பந்தின் மேல் இறங்க வேண்டும் என்பது இங்கே பொதுவாகச் சொல்லப்படும் அளவு. கனமான சாமான்கள் டிரெய்லரின் சக்கர அச்சுக்குப் பின்னால் இருந்தால் முன்முனை எழும்பி, அந்த எடை குறைந்துவிடும். இரண்டு முனைகளிலும் கனத்தை வைத்துச் சமன்செய்வதும் நல்லதல்ல. பந்தின் மேல் இறங்கும் எடை சரியாக இருந்தாலும், முனைகளிலுள்ள கனம், தொடங்கிவிட்ட ஆட்டத்தை நிற்கவிடாது. ஆகவே துணி துவைக்கும் இயந்திரத்தையும் குளிர்சாதனப் பெட்டியையும் அச்சுக்குச் சற்று முன்னால் நகர்த்தி, புத்தகப் பெட்டிகளை அவற்றைச் சுற்றிக் கீழே அடுக்கி, மெத்தைகளைப் பின்னால் வைத்தோம். அதன்பின் மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டாமல் கான்பெரா போய்ச் சேர்ந்தோம். 80-லிருந்து 100-க்குப் போவது சிறிய மாற்றமாகத் தோன்றினாலும், வண்டியின் இயக்க ஆற்றல் அதில் ஐம்பது விழுக்காட்டுக்கும் மேல் கூடுகிறது என்பதை மறக்க வேண்டாம்.

மெல்பர்ன் உறுப்பினர்

ஐயா எழுதியதை நான் முழுமையாக ஏற்கிறேன். நாங்கள் கேரவன், அதாவது உள்ளே தங்கும் வசதியுள்ள டிரெய்லர், இழுக்கும் குடும்பம் என்பதால், எடையைப் பற்றி மேலும் சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரு கார் 2,500 கிலோ இழுக்கும் என்று விற்பனையாளர் சொல்லும்போது, அந்த எண் தனியாக நிற்பதில்லை. கேரவன் 2,500 கிலோ என்றால் சுமார் 250 கிலோ பந்தின் வழியாகக் காரின் மேல் இறங்குகிறது. காருக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த எடையில் அதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். ஐந்து பேர் அமர்ந்து, பின்பக்கம் பெட்டிகளையும் கூரைமேல் மிதிவண்டிகளையும் ஏற்றினால், கேரவன் தன் வரம்புக்குள் இருக்கும்போதே கார் தன் வரம்பைத் தாண்டிவிடலாம். இவற்றுக்கும் மேலாக, காரும் கேரவனும் சேர்ந்த மொத்தத்துக்கென்று தனி உச்ச வரம்பு ஒன்றும் உண்டு.

எங்கள் முதல் நெடும்பயணத்துக்கு முன்பு, எல்லாச் சாமான்களையும் ஏற்றி, குடும்பத்தினர் அனைவரும் அமர்ந்தபடியே பொது எடைமேடைக்குச் சென்றோம். கேரவனில் தாராளமாக இடமிருந்தது. கார்தான் வரம்பின் விளிம்பில் நின்றது. எங்கள் கேரவனில் தண்ணீர்த் தொட்டி அச்சுக்கு முன்னால் இருப்பதால், அதைக் காலிசெய்து, தங்குமிடத்தில் நிரப்பிக்கொள்வது என்று முடிவுசெய்தோம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ; 80 லிட்டர்த் தொட்டி ஓர் ஆளுக்கு மேற்பட்ட எடை. ஒவ்வொரு கேரவனிலும் தொட்டி இருக்கும் இடம் வேறுபடும். பின்னாலுள்ள தொட்டியை நிரப்பினால் பந்தின் மேல் இறங்கும் எடை குறைந்துவிடும் என்பதால், உங்களுடையது எங்கே இருக்கிறது என்று குனிந்து பார்த்துவிட்டே முடிவுசெய்யுங்கள்.

ஹியூம் நெடுஞ்சாலையில் நீண்ட லாரிகள் கடந்து செல்லும்போது ஏற்படும் இழுவையையும் குறிப்பிட வேண்டும். லாரியின் முகப்பு நெருங்கும்போது காற்று கேரவனை வெளிப்புறமாகத் தள்ளுகிறது. லாரியின் நடுப்பகுதி வரும்போது உள்ளிழுக்கிறது. வங்காராட்டாவுக்கு அருகே அப்படியொரு லாரி கடந்தபோது எங்கள் கேரவன் ஆடத் தொடங்கியது. கணவர் ஆக்சிலரேட்டரை விட்டார். நான் முகப்புப் பலகையிலிருந்த மின்பிரேக் கட்டுப்பாட்டுக் கருவியின் விசையை மெதுவாக அழுத்தினேன். அது கேரவனின் சக்கரங்களை மட்டுமே பிடிப்பதால், கேரவன் பின்னுக்கு இழுபட்டு நேராகிவிட்டது. அந்த விசை ஓட்டுநருக்கும் பக்கத்தில் அமர்ந்திருப்பவருக்கும் கைக்கெட்டும் இடத்தில் பொருத்தப்பட்டிருந்தது எங்களுக்குப் பெரிய உதவியாயிற்று.

பிரேக் விதிகள் பலருக்குத் தெரிவதில்லை. சக்கரங்களின் மேல் 750 கிலோ வரை இறங்கும் டிரெய்லருக்கு பிரேக் கட்டாயமில்லை. அதற்கு மேல் 2,000 கிலோ வரை, குறைந்தது ஓர் அச்சின் சக்கரங்களிலாவது பிரேக் இருக்க வேண்டும். 2,000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரங்களிலும் பிரேக் வேண்டும் என்பதோடு, கேரவன் காரிலிருந்து கழன்றுவிட்டால் தானாகவே பிரேக் போட்டுக்கொள்ளும் அமைப்பும் வேண்டும். அந்த அமைப்புக்கு மின்சாரம் தரும் பேட்டரி செத்துக்கிடந்தால் அது இருந்தும் பயனில்லை. அதனால் நாங்கள் புறப்படும் முன் அதைச் சோதிக்காமல் இருப்பதில்லை.

பெர்த் உறுப்பினர்

எங்கள் மாநிலம் மேற்கு ஆஸ்திரேலியா. நான் எழுத வந்தது படகு டிரெய்லரின் சக்கரங்களைப் பற்றி. பன்பரி செல்லும் வழியில், சாலையோரமாக ஒரு படகு டிரெய்லர் சாய்ந்து நிற்பதைக் கண்டு நிறுத்தினேன். பேரிங் சிதைந்து, சக்கரத்தின் நடுப்பகுதி புகைந்துகொண்டிருந்தது. உரிமையாளர் பெரியவர், அவருடைய மனைவியும் பேரக்குழந்தைகளும் வேகமாகச் செல்லும் வண்டிகளுக்கு மிக அருகில் நின்றிருந்தார்கள். முதலில் அவர்களைத் தடுப்புக்கு அப்பால் நிற்கச் செய்துவிட்டுத்தான் மற்றதைப் பார்த்தேன்.

நெடுந்தூரம் ஓடிச் சூடேறிய சக்கரத்தை உடனே கடல்நீரில் இறக்கினால், உள்ளே விரிந்திருந்த காற்று சட்டெனச் சுருங்கி, நீரை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். உப்புநீர் கிரீஸைக் கெடுத்து, பேரிங்கை அரித்துவிடும். ஆகவே படகுத் துறைக்குப் போய்ச் சேர்ந்ததும் சக்கரங்கள் ஆறும்வரை காத்திருக்க வேண்டும். படகை ஏற்றியபின் நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். வழியில் நிறுத்தும்போதெல்லாம் புறங்கையைச் சக்கரத்தின் நடுப்பகுதிக்கு அருகே கொண்டுபோய், மற்றச் சக்கரத்தைவிட ஒன்று அதிகமாகச் சூடாக இருக்கிறதா என்று பாருங்கள். மாற்று பேரிங், கிரீஸ், அந்த டிரெய்லரின் நட்டுக்குப் பொருந்தும் ஸ்பேனர் ஆகியவை என் வண்டியில் எப்போதும் இருக்கும்.

சிட்னி உறுப்பினர்

பாதுகாப்புச் சங்கிலியைப் பற்றித் தனிச்செய்தியில் கேட்ட தங்கைக்கு: இணைப்பு கழன்றாலும் டிரெய்லரின் முன்தண்டு தரையில் இடிக்காத அளவுக்குச் சங்கிலி குட்டையாக இருக்க வேண்டும், அதே நேரம், முழுமையாகத் திரும்பும்போது விறைத்து இழுக்காத அளவுக்குத் தளர்வும் வேண்டும். 2,500 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லருக்கு இரண்டு சங்கிலிகள் கட்டாயம். வாடகை டிரெய்லரில் சங்கிலியோ அதை மாட்டும் கொக்கியோ தேய்ந்திருந்தால், தயங்காமல் வேறொன்றைக் கேட்டு வாங்குங்கள்.