கேள்வி நேரத்துக்காகப் போகிறவன் நான்

யாழ்ப்பாணத்தில் பேருரைக்குப் பஞ்சமில்லை. கைலாசபதி கலையரங்கு, மருத்துவ பீடம், பொதுநூலகம், வீரசிங்கம் மண்டபம் என்று எங்காவது ஒரு நினைவுப் பேருரை நடக்கும். விளக்கேற்றல், வரவேற்புரை, தலைமையுரை, அறிமுகவுரை எல்லாம் முடிந்து பேச்சாளர் எழும்பும்போது பலர் மணிக்கூட்டைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். "நேரம் போதாமையால் கேள்விகளைத் தவிர்க்கிறோம்" என்பதைத்தான் பொறுக்க முடிவதில்லை.

நிலத்தடி நீர் பற்றிய ஓர் உரைக்குப் போயிருந்தேன். மழைநீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி, கீழே உள்ள உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி நிற்கும். அளவுக்கு மிஞ்சி இறைத்து மேலே ஓர் அடி குறைந்தால், கீழிருந்து உப்பு அந்த 40 அடிக்கும் ஏறப் பார்க்கும். பேராசிரியர் வடிவாகத்தான் விளக்கினார். ஆனால் சபை நிமிர்ந்து உட்கார்ந்தது கோண்டாவில் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர் எழும்பிய பிறகுதான்.

"சேர், யூரியாவை நிப்பாட்டி மாட்டெருவுக்குப் போனால் கிணத்திலை நைத்திரேற்று வராதோ?"

மாட்டெருவும் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களால் நைத்திரேற்றாகத்தான் மாறும் என்றார் பேராசிரியர். எந்தப் பசளை என்பதைவிட எவ்வளவு, எப்போது என்பதுதான் முக்கியமாம். பயிர் எடுத்தது போக மிஞ்சியது மாரி மழையோடு கிணற்றுக்குத்தான் போகும். கிணற்றுக்குப் பக்கத்தில் மலக்குழி வெட்டி வைத்திருப்பவர்களையும் அவர் விடவில்லை. முன்வரிசையில் சிலர் நெளிந்தார்கள்.

உடனே பின்னால் இருந்து ஓர் அம்மா, "அப்ப கொதிக்க வைச்சுக் குடிச்சால் சரிதானே?" என்றார். சரியில்லை. கொதித்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணீர் ஆவியாகி வற்றுவதால் செறிவு கூடத்தான் செய்யும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதற்கு மேற்பட்ட நீரில் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குப் பால்மா கரைத்துக் கொடுத்தால், இரத்தம் ஒட்சிசனைக் காவும் திறன் குறைந்து உடல் நீலம் பாரிக்கலாம். உரையில் இது ஒரு வரியாகக்கூட வரவில்லை. கைக்குழந்தை உள்ள வீட்டில் முதலில் தெரிந்திருக்க வேண்டியது இதுதானே?

அடுத்தது யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை பற்றிய உரை. 1707இல் ஒல்லாந்தர் தொகுத்த வரலாற்றிலேயே பேச்சாளர் நெடுநேரம் நின்றார். (என் பக்கத்து ஐயா நித்திரை.) கேள்வி நேரத்தில், நடுவயதுப் பெண் ஒருவர் ஒலிவாங்கியைக்கூட வாங்காமல் கேட்டார்: "காணி என்ரை பேரிலை. மனுசன் எங்கை எண்டே தெரியாது. ஆர் கையெழுத்து வைக்கிறது?"

தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் பெயரிலுள்ள காணியை விற்கவோ நன்கொடையாகக் கொடுக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். திருமண உரிமைகள் பற்றிய 1911ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. கணவன் இருக்குமிடம் தெரியாவிட்டாலோ, கைவிட்டுப் போயிருந்தாலோ, காரணமில்லாமல் மறுத்தாலோ மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி கேட்க அதே சட்டத்தில் வழி உண்டு என்று பேச்சாளர் சொன்னார். போருக்குப் பிறகு இந்த மண்ணில் இந்தக் கேள்வியோடு எத்தனை பெண்கள் இருப்பார்கள்! கூட்டம் முடிந்த பிறகும் பேச்சாளரைப் படிக்கட்டில் நாலைந்து பேர் மறித்துக்கொண்டு நின்றார்கள். சம்மதம் வேண்டும் என்ற சட்டமே இன்னும் இருக்கலாமா என்று ஒரு மாணவி அங்கே வாதாடினார். எனக்கு அவர் பக்கம்தான் சரியாகப் பட்டது.

ஏற்பாட்டாளர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள்: அழைப்பிதழ் அச்சடிக்கும்போதே கேள்விக்கு அரை மணித்தியாலம் ஒதுக்கிப் போடுங்கள். பொன்னாடைகளில் இரண்டைக் குறைத்தால் அந்த நேரம் வந்துவிடும்.