லாரியிலிருந்து அரசு டவுன் பஸ்ஸுக்கு: தேர்வுக்கும் பயிற்சிக்கும் எப்படித் தயாராவது?

காரிமங்கலத்தான்

அனைவருக்கும் வணக்கம். காரிமங்கலத்துக்குப் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்தவன் நான், வயது 27, பத்தாம் வகுப்பு தேறியிருக்கிறேன். நான்கு ஆண்டுகள் மாங்கூழ் ஆலைகளுக்குக் காய் ஏற்றும் சிறு வண்டி ஓட்டினேன். கனரக உரிமம் எடுத்துப் பதினான்கு மாதங்கள் ஆகின்றன. அப்போதிலிருந்து கிரானைட் கல் ஏற்றும் லாரியில் வேலை. வாரத்தில் ஐந்து இரவுகள் வீட்டில் இருப்பதில்லை. அதனால் அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் ஓட்டுநராகச் சேர்ந்து, தருமபுரியிலோ பாலக்கோட்டிலோ டவுன் பஸ் ஓட்ட வேண்டும் என்பது என் விருப்பம்.

எனக்குச் சில ஐயங்கள் உள்ளன. ஓட்டுநர் வேலைக்கு நடத்துநர் உரிமமும் கேட்கிறார்களாமே, அது உண்மையா? லாரி ஓட்டிய அனுபவத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்வார்களா? 25 டன் கல்லோடு மலை ஏறி இறங்குகிறவனுக்குப் பேருந்தில் புதிதாகக் கற்றுக்கொள்ள என்ன இருக்கப்போகிறது என்று நண்பர்கள் சொல்வது சரிதானா? கடைசியாக ஒன்று: எங்கள் பக்கத்தில் ஒருவர், தமக்கு மேலிடத்தில் ஆள் இருப்பதாகவும், பாதிப் பணத்தை முன்பணமாகக் கொடுத்தால் அடுத்த பட்டியலில் பெயர் வந்துவிடும் என்றும் சொல்லிக்கொண்டு வீட்டுக்கே வந்துபோகிறார். அப்பா நிலத்தின் ஒரு பகுதியை அடமானம் வைக்கலாமா என்று யோசிக்கத் தொடங்கிவிட்டார். விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கல்லாவி நண்பன்

சகோதரரே, முதலில் அப்பாவை நிலப் பத்திரத்தைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டச் சொல்லுங்கள். என் சித்தப்பா மகன் அப்படி ஒருவரிடம் பணம் கொடுத்துவிட்டு மூன்று ஆண்டுகளாக அவர் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருக்கிறான். கொடுத்ததற்கு ரசீதும் இல்லை, சாட்சியும் இல்லை.

நடத்துநர் உரிமம் கேட்பது உண்மைதான். 2025 மார்ச்சில் எட்டுப் போக்குவரத்துக் கழகங்களுக்கும் சேர்த்து 3,274 இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. அதில் நம் பகுதி அடங்கிய சேலம் கழகத்துக்கு 486 இடங்கள். அந்தப் பதவியின் பெயரே ‘ஓட்டுநருடன் நடத்துநர்’ என்பதுதான். அதாவது இன்று வண்டி ஓட்டுகிறவரை நாளை டிக்கெட் மெஷினைக் கையில் கொடுத்து நடத்துநராக அனுப்பவும் நிர்வாகத்துக்கு வழி இருக்கிறது. ஆகவே இரண்டு உரிமமும் இல்லாமல் விண்ணப்பத்தைத் தொடவே முடியாது.

நானும் அப்போது விண்ணப்பித்தவன் என்பதால் கேட்கப்பட்டவை நினைவில் இருக்கின்றன. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்திருத்தல், 24 வயது நிறைவு, கனரக வாகனம் ஓட்டியதில் குறைந்தது 18 மாத அனுபவம், முதலுதவிச் சான்று, பேட்ஜ் என்று நாம் சொல்லும் பொதுப்பணி வில்லை, நடத்துநர் உரிமம், 160 சென்டிமீட்டர் உயரம், 50 கிலோ எடை. வயது வரம்பு பொதுப்பிரிவுக்கு 40. பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் வகுப்பினருக்கு 45. கட்டணம் 1,180 ரூபாய், பட்டியல் வகுப்பினருக்கும் பழங்குடியினருக்கும் 590. எழுத்துத் தேர்வு, வண்டி ஓட்டும் தேர்வு, நேர்காணல் என்று மூன்று படிகள். அடுத்த அறிவிப்பில் சில மாறலாம் என்றாலும் இதை மனத்தில் வைத்துத் தயாராவது நல்லது.

இந்தப் பட்டியலில் ஆளைக் கவிழ்ப்பது தேதிதான். நடத்துநர் உரிமத்தை 01.01.2025-க்கு முன்பே பெற்றிருக்க வேண்டும் என்று அந்த அறிவிப்பு சொன்னது. என்னோடு ஒரே தெருவில் வளர்ந்த நண்பன் பதினோரு ஆண்டுகள் தனியார் பேருந்து ஓட்டியவன். அறிவிப்பு வரப்போகிறது என்று கேள்விப்பட்ட பிறகு ஓடிப்போய், பிப்ரவரியில் நடத்துநர் உரிமம் வாங்கினான். ஓட்டுவதில் என்னைப்போல் நான்கு பேருக்குச் சமமானவன், விண்ணப்பிக்க முடியாமல் போயிற்று. அறிவிப்பு வந்த பிறகு தாள்களைத் தேடுவது, மழை பெய்யத் தொடங்கிய பிறகு கூரை வேய்வது போலத்தான்.

உங்களுக்கு இன்னும் நான்கு மாதம் போனால்தான் 18 மாதம் நிறையும். அதற்குள் முதலுதவிப் பயிற்சியை முடித்துவிடுங்கள். செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் சங்கத்தின் சான்றைக் கொண்டு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் நடத்துநர் உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். லாரி ஓட்டப் பொதுப்பணி வில்லை தேவைப்படாததால் உங்களிடம் அது இருக்காது என்று நினைக்கிறேன். பயணிகளை ஏற்றும் வண்டிக்கு அது வேண்டும். இன்னொன்று: மதிப்பெண் சான்றிதழில் உள்ள பெயரும் பிறந்த தேதியும் உரிமத்தில் எழுத்து மாறாமல் இருக்கின்றனவா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். என் உரிமத்தில் தந்தை பெயரின் முதலெழுத்து விடுபட்டிருந்தது; அதைச் சரிசெய்ய மூன்று முறை விடுப்புப் போட்டு அலைந்தேன்.

---

ஓய்வு பெற்ற ஓட்டுநர், பாலக்கோடு

தம்பிக்கு வாழ்த்துகள். தாள் விவரங்களை மேலே உள்ள தம்பி நன்றாகச் சொல்லிவிட்டதால், வண்டியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். நம் மாவட்டத்துக் கழகம் ‘அன்னை சத்யா’ என்ற பெயரில் ஓடிய காலத்தில் நான் பணியில் சேர்ந்தேன். 1997-இல் பெயர்கள் எல்லாம் மாற்றப்பட்டுத் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்று ஆனபோதும் அதே பணிமனை, அதே வண்டி. கடைசி ஒன்பது ஆண்டுகள் புதியவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பழக்கும் வேலையும் என்னிடம் இருந்தது.

லாரியிலிருந்து வருகிறவர்களைப் பழக்குவதுதான் எனக்குக் கடினமாக இருந்தது என்று சொன்னால் உங்கள் நண்பர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். வண்டியின் அளவும் கியரும் அவர்களுக்குப் புதிதல்ல. ஆனால் லாரியில் ஏற்றிய கல் கயிற்றுக்குள் கிடக்கும்; டவுன் பஸ்ஸில் ஏற்றிய சரக்கு எழுந்து நடக்கும், குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொள்ளும், நிறுத்தம் வருவதற்கு முன்பே படியில் காலை வைக்கும். லாரிக்காரர் பிரேக்கைக் கடைசியில், ஒரே மிதியில் பிடிப்பார். பேருந்தில் நிறுத்தம் கண்ணில் பட்டவுடன் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, வேகம் தானாகத் தணிந்த பிறகு, பிரேக்கை இரண்டு தவணையாக மெல்லத் தொட வேண்டும். நின்றுகொண்டிருக்கும் பாட்டி கம்பியைத் தேடாமல் நிற்கிறாரா என்பதை உள்கண்ணாடியில் பார்த்தாலே உங்கள் பிரேக்குக்கு மதிப்பெண் தெரிந்துவிடும்.

ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். ஒரு மே மாதம், மாங்காய்க் காலம். புதிதாக வந்த ஒரு பையன், லாரிப் பழக்கம் உள்ளவன், என் மேற்பார்வையில் மாரண்டஅள்ளி தடத்தில் ஓட்டிக்கொண்டிருந்தான். ஒரு பெரியம்மா கூடை நிறையக் காயை இஞ்சின் மூடிமேல் வைத்துவிட்டு நின்றிருந்தார். நடத்துநரும் பார்த்தார், நானும் பார்த்தேன், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. திருப்பத்தில் ஆடு ஒன்று குறுக்கே வந்ததும் பையன் லாரியில் மிதிப்பதுபோல் ஒரே மிதியாக மிதித்தான். கூடை கவிழ்ந்து காய்கள் அவன் காலடியில் உருண்டன. வண்டி நின்றுவிட்டது, ஆடும் போய்விட்டது. முதல் கியரில் மெதுவாக நகர்த்தி, மறுபடியும் பிரேக்கை அழுத்தியபோது பெடல் பாதியிலேயே நின்றது; அடியில் ஒரு செந்தூரக் காய் மாட்டிக்கொண்டிருந்தது. கைப்பிரேக்கை இழுத்து நிறுத்தினோம். அந்த இடம் மேடாக இருந்ததால் இதை இன்று சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் இறங்கும் மலைப்பாதையாக இருந்திருந்தால் எழுத ஆள் இருந்திருக்காது. ஓட்டுநர் காலடிக்கு அருகில் பயணி எந்தப் பொருளையும் வைக்க விடக்கூடாது என்பதை அன்று அந்தப் பையனைவிட நான்தான் அதிகமாகக் கற்றுக்கொண்டேன்.

அடுத்தது, வால் வீச்சு. பின் சக்கரத்துக்குப் பின்னால் பேருந்தின் உடல் வெகுதூரம் நீண்டிருக்கும். ஸ்டியரிங்கை வலப்பக்கம் முழுதாக ஒடித்தால் பின்மூலை இடப்பக்கமாக வெளியே வீசும். அங்கே இருசக்கர வாகனத்தில் ஒருவர் காலூன்றி நின்றுகொண்டிருப்பார். தருமபுரி பேருந்து நிலையத்தில் வண்டியை வெளியே எடுக்கும்போது இது ஒவ்வொரு முறையும் நடக்கக்கூடியது. திருப்பத் தொடங்கிய கணத்தில் எதிர்ப்பக்கக் கண்ணாடியைப் பார்க்கிறவர்தான் பேருந்து ஓட்டுநர். ஓட்டும் தேர்விலும் எட்டுப் போடுவது, பின்னோக்கி எடுப்பது, மேட்டில் நிறுத்தி வண்டி பின்வாங்காமல் கிளப்புவது ஆகியவற்றைப் பார்ப்பார்கள். எட்டில் தவறுகிறவர்களில் பெரும்பாலோர் முன்பக்கத்தையே பார்த்துக்கொண்டு பின் சக்கரத்தை மறந்தவர்கள்தான்.

மலை இறக்கத்தைப் பற்றி உங்களுக்கே தெரியும் என்றாலும் ஒன்று சொல்ல வேண்டும். டீசல் மிச்சமாகும் என்று தொப்பூர் கணவாயில் நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வரும் லாரிகளை நான் முப்பது ஆண்டுகள் பார்த்திருக்கிறேன். ஏறும்போது எந்தக் கியரோ, இறங்கும்போதும் அதே கியர் என்பதே எங்களுக்குச் சொல்லித்தந்த விதி. இஞ்சின் வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக் டிரம் சூடேறி மிதிக்க மிதிக்கப் பிடிக்காமல் போவது அப்போதுதான் தவிர்க்கப்படும். காலையில் வண்டியை எடுக்கும் முன் காற்றழுத்த முள் பச்சைப் பகுதிக்கு வரும்வரை காத்திருப்பதும் இதோடு சேர்ந்ததே. டைம் கீப்பர் கத்தினாலும் கத்தட்டும்.

---

ராயக்கோட்டை ரோடு

நான் கிருஷ்ணகிரியில் தனியார் டவுன் பஸ் ஓட்டுகிறேன். கேள்வி கேட்ட தம்பி லாரியை விட்டுவிட்டு, காத்திருக்கும் மாதங்களில் ஏதேனும் ஒரு தனியார் டவுன் பஸ்ஸில் ஸ்பேர் (மாற்று) ஓட்டுநராகச் சேர்ந்துகொள்ளலாம் என்பது என் கருத்து. நாள் முழுதும் நிறுத்தத்துக்கு நிறுத்தம் நிறுத்தி எடுக்கும் பழக்கம் லாரியில் எத்தனை ஆண்டு ஓட்டினாலும் வராது. முதலாளியிடம் முறையாக அனுபவக் கடிதம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வண்டி ஓட்டாமலேயே கடிதம் விற்கிறவர்கள் பக்கம் போகாதீர்கள், சான்று சரிபார்ப்பில் அது உங்கள் தலையில்தான் விடியும்.

---

ஓய்வு பெற்ற ஓட்டுநர், பாலக்கோடு

ராயக்கோட்டை ரோடு தம்பி சொல்வதில் பாதியை ஏற்கிறேன். நிறுத்திப் பழகுவது வரும்; அதோடு முன்னால் போகும் வண்டியை முந்திப்போய் அடுத்த நிறுத்தத்துக் கூட்டத்தை அள்ளும் பழக்கமும் சேர்ந்து வரும். வசூலைப் பொறுத்துப் படிக்காசு கிடைக்கிற இடத்தில் அது மனித இயல்பு, நான் யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் அங்கிருந்து வந்தவர்களுக்கு, ஆள் இறங்கி முடிப்பதற்குள் முதல் கியரைப் போட்டுவிடும் கையை நிறுத்தவே எனக்கு ஒரு மாதம் பிடிக்கும். நடத்துநரின் இரட்டை விசில் காதில் விழுந்த பிறகும் இடப்பக்கக் கண்ணாடியில் கடைசியாக இறங்கியவரின் பின்னங்கால் தரையில் ஊன்றியதைப் பார்த்துவிட்டுத்தான் கிளட்சை விட வேண்டும்.

---

காரிமங்கலத்தான்

மூவருக்கும் நன்றி. நேற்றிரவு அப்பாவிடம் இதையெல்லாம் படித்துக் காட்டினேன். அந்த மனிதர் இனி வந்தால் தாமே பேசிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். உரிமத்தை எடுத்துப் பார்த்ததில் என் பெயரில் ஒரு எழுத்து மதிப்பெண் சான்றிதழோடு பொருந்தவில்லை. திங்கட்கிழமை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போகிறேன்.

இரண்டு கேள்விகள் மீதம் உள்ளன. இரவில் எதிர் விளக்கு கண்ணைக் கூசச் செய்கிறது, ஆனால் கண்ணாடி அணிவதில்லை; கண் பரிசோதனையில் இது சிக்கலாகுமா? தேர்வாகிவிட்டால் உடனே வண்டியைக் கொடுத்துவிடுவார்களா, டவுன் பஸ்தான் வேண்டும் என்று கேட்க முடியுமா?

---

ஓய்வு பெற்ற ஓட்டுநர், பாலக்கோடு

கண்ணை இப்போதே அரசு மருத்துவமனையில் காட்டிவிடுங்கள், தம்பி. தூரப் பார்வையோடு நிறப் பார்வையையும் சோதிப்பார்கள். வண்ணப் புள்ளிகளுக்கு நடுவே மறைந்திருக்கும் எண்ணைப் படிக்கச் சொல்லும் அட்டை அது. தமக்கு நிறக்குறைபாடு இருப்பதே அந்த மேசையில்தான் சிலருக்குத் தெரியவருகிறது. கல் தூசியில் ஓட்டுகிறவருக்குக் கண் உறுத்தலும் கூச்சமும் வருவது உண்டு. காரணம் எதுவென்று மருத்துவர் சொல்லட்டும்.

எங்கள் பணிமனையில் புதியவரிடம் முதல் நாளே வண்டியைக் கொடுத்ததில்லை. வகுப்பு, பிறகு ஆளில்லாத வண்டியில் ஓட்டம், பிறகு மூத்தவர் பக்கத்தில் இருக்கத் தடத்தில் ஓட்டம் என்றுதான் போகும். தடம் கேட்டுப் பெறுவதெல்லாம் பணி மூப்பு வந்த பிறகு. தொடக்கத்தில் யார் விடுப்பு எடுக்கிறாரோ அவர் வண்டிதான் உங்கள் வண்டி. இன்று பென்னாகரம், நாளை ஓசூர், விடியற்காலை நான்கரை மணி டியூட்டியும் வரும், இரவு தங்கல் டியூட்டியும் வரும். ஐந்து இரவுகள் இரண்டாகக் குறையும் என்று வேண்டுமானால் வீட்டில் சொல்லிவையுங்கள், முதல் இரண்டு ஆண்டுகளுக்கு அதற்கு மேல் வாக்குக் கொடுக்க வேண்டாம்.