70/900, 90/900, 102/500: மொட்டை மாடிக்கு எந்த ரிஃப்ராக்டர்?

பாளைவானம்:

வணக்கம். ஏழாவது படிக்கும் மகளுக்கும் எனக்குமாக ஒரு சின்ன ரிஃப்ராக்டர் (லென்ஸ் டெலஸ்கோப்) வாங்க வேண்டும். பட்ஜெட் 25,000 ரூபாய், கொஞ்சம் முன்னே பின்னே ஆகலாம். பாளையங்கோட்டையில் மொட்டை மாடி, இரண்டு பக்கமும் தெருவிளக்கு. எப்போதாவது அம்பாசமுத்திரம் பக்கம் தோட்டத்துக்கும் எடுத்துப் போக முடிந்தால் நல்லது. முதலில் நிலா, வியாழன், சனி. மற்றதெல்லாம் அப்புறம்.

பார்த்து வைத்திருப்பவை (முதல் எண் லென்ஸ் விட்டம், இரண்டாவது குவியத் தூரம், இரண்டும் மி.மீ.யில்):
1. 70/900, அல்ட்-அசிமத் மவுண்ட் (மேலே கீழே, இடம் வலம் நகரும் தாங்கி)
2. 90/900, ஈக்யூ2 மவுண்ட் (அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கி வைத்துத் திருப்பும் தாங்கி)
3. 102/500, அல்ட்-அசிமத்
4. 60/700, பெட்டியில் "525 மடங்கு" என்று போட்டிருக்கிறது, விலையும் குறைவு

70க்கும் 90க்கும் கண்ணில் தெரிகிற வித்தியாசம் உண்டா? ஈக்யூ மவுண்ட்தான் நல்லது என்கிறார்கள், அது சரியா? போனில் நிலாவைப் படம் எடுக்கவும் ஆசை.

குவியம்:

நான்காவதை இப்போதே அடித்துவிடுங்கள். அந்த 525 எப்படி வந்தது என்றால், 700ஐ 4 மி.மீ. ஐபீஸால் (கண் வைத்துப் பார்க்கும் சின்ன லென்ஸ்) வகுத்தால் 175, அதோடு பெட்டியில் வரும் 3 மடங்கு பார்லோவைப் (உருப்பெருக்கத்தைக் கூட்டும் இடை லென்ஸ்) பெருக்கினால் 525. கணக்கு சரிதான், லென்ஸ்தான் தாங்காது. விட்டத்தை மி.மீ.யில் எடுத்து இரண்டால் பெருக்குங்கள், அதுதான் உச்ச வரம்பு. 60க்கு 120 மடங்கு. அதற்கு மேல் போனால் பிம்பம் பெரிதாகும், புதிதாக ஒரு விவரமும் வராது, இருண்டுகொண்டே போகும். 525இல் ஐபீஸிலிருந்து வெளிவரும் ஒளிக்கற்றையின் அகலம் 0.11 மி.மீ.தான். உங்கள் கண்ணுக்குள் மிதக்கும் தூசி நிழல்தான் தெரியும், சனி தெரியாது.

70க்கும் 90க்கும் ஒளி 1.65 மடங்கு வித்தியாசம். பிரிதிறனில் (நெருங்கிய இரண்டு புள்ளிகளைப் பிரித்துக் காட்டும் திறன்) 70 தருவது சுமார் 1.66 விகலை (ஒரு விகலை என்பது பாகையில் 3600இல் ஒரு பங்கு), 90 தருவது 1.29. நிலாவில் சின்னப் பள்ளங்கள் பார்க்கும்போதும், வியாழனின் இரண்டு பட்டைகளைத் தாண்டி மூன்றாவது ஏதாவது தெரிகிறதா என்று தேடும்போதும் இந்த வித்தியாசம் தெரியும். சனிக்கு வளையம் இருப்பது 70இலேயே 40 மடங்கில் பளிச்சென்று தெரியும். 2025 மார்ச்சில் வளையம் நமக்கு விளிம்பு காட்டி நின்றது. அங்கிருந்து இப்போது விரிந்துகொண்டே போகிறது, 2032 வரை விரியும்.

லென்ஸ் எல்லா நிறத்தையும் ஒரே இடத்தில் குவிக்காததால் வரும் ஊதா நிற விளிம்புக்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். எஃப் எண்ணை (குவியத் தூரம் ÷ விட்டம்), அங்குலத்தில் சொன்ன விட்டத்தால் வகுக்க வேண்டும். 3க்கு மேல் வந்தால் பொறுத்துக்கொள்ளலாம், 5 வந்தால் ஏறக்குறையத் தெரியாது. 70/900க்கு 4.7, 90/900க்கு 2.8, 102/500க்கு 1.2. அந்த 1.2 என்றால் நிலாவின் ஓரத்தில் கத்தரிப்பூ நிறக் கோடும், வியாழனைச் சுற்றி ஊதா மூட்டமும் நிச்சயம். நீங்கள் முதலில் கேட்டதே நிலாவும் வியாழனும். ஆகவே நீளக் குழாய்தான்.

ஈக்யூ விஷயத்தில் யார் சொன்னார்கள் என்று பாருங்கள், அநேகமாக ஐரோப்பிய வீடியோவாக இருக்கும். பாளையங்கோட்டை 8.7 பாகை அட்சரேகை. துருவ நட்சத்திரம் தொடுவானத்திலிருந்து 9 பாகை உயரத்தில், பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கும் தென்னைக்கும் பின்னால் இருக்கும். தெரிந்தாலும் புழுதி மூட்டத்தில் மங்கல். ஈக்யூ2வை 8.7க்கு இறக்கினால் அதன் அச்சு ஏறக்குறையப் படுத்துவிடும். எதிர்எடைத் தண்டு ட்ரைபாட் காலில் இடிக்கும், அதுவும் கிரகம் கிழக்கிலோ மேற்கிலோ தாழ்வாக இருக்கும்போது. வடக்குப் பக்கம் கால் வராமல், இரண்டு கால்களுக்கு நடுவே வடக்கு வரும்படி நிறுத்தினால் ஓரளவு தப்பலாம். ஆனால் ஏழாவது படிக்கும் பிள்ளைக்கு மேலே கீழே, இடம் வலம் என்று நகரும் மவுண்ட் போதும். அதே 90/900 குழாய் அல்ட்-அசிமத்திலும் வருகிறது, கடையில் கேளுங்கள். கிடைக்காவிட்டால் 70/900 எடுத்து, மிச்சப் பணத்தை ஐபீஸில் போடுங்கள்.

தோட்டத்துநிலா:

குவியம் சார் சொன்னதில் பாதிக்கு மேல ஒத்துக்கிறேன். ஆனா 102/500ஐ இவ்வளவு சுலபமா தள்ள வேண்டாம். அம்பை பக்கம் தோட்டம் இருக்குன்னு சொல்றாங்க. அங்க இருட்டுல 32 மி.மீ. பிளாசல் வகை ஐபீஸ் போட்டா 16 மடங்கு, வானத்துல 3 பாகை அகலம் ஒரே பார்வையில. கார்த்திகைக் கூட்டம் முழுசா உள்ள வந்து சுத்தி இடமும் மிச்சமிருக்கும். 90/900ல அதே ஐபீஸ் 28 மடங்கு, 1.8 பாகைதான், கூட்டம் அடங்கினாலும் சுத்தி அவ்வளவு இடம் மிஞ்சாது. ஒமேகா சென்டாரி நட்சத்திரக் கொத்து அந்த ஊர்ல 33 பாகை உயரம் வரைக்கும் ஏறுது. ஐரோப்பாக்காரங்க ஏங்குற சமாச்சாரம் அது.

நிலாவுக்கு ஊதா வந்தா ஒரு வழி இருக்கு. முன்பக்க மூடியில சின்னதா இன்னொரு மூடி இருக்கும். பெரிசை மாட்டிட்டு சின்னதை மட்டும் கழட்டுங்க. 50 மி.மீ. துளைன்னு வெச்சுக்கிட்டா 500/50, எஃப்/10 ஆயிடும். சார் சொன்ன கணக்குல 5 வருது. ஊதா போயிடும்.

குவியம்:

போகும். கூடவே 102இல் பாதியும் போய், கையில் 50 மி.மீ. டெலஸ்கோப்தான் மிஞ்சும். வருஷத்தில் முந்நூறு நாள் மாடி, ஐந்து நாள் தோட்டம் என்றால் மாடிக்குத்தான் வாங்க வேண்டும். தோட்டத்துக்கு ஒரு 10×50 பைனாகுலர் போதும். ஒமேகா சென்டாரி அதிலேயே பஞ்சு உருண்டையாகத் தெரியும்.

தோட்டத்துநிலா:

சரி, பைனாகுலர்னு சொன்னதால விடுறேன்.

ஐபீஸ்பெட்டி:

குழாயைப் பற்றிப் பேசிவிட்டீர்கள், மீதியைச் சொல்கிறேன்.

கூட வரும் 25 மி.மீ. ஐபீஸ் பெரும்பாலும் பயன்படும். 10 மி.மீ. சுமார். எஸ்ஆர் 4 என்று எழுதிய 4 மி.மீ. ஐபீஸ் வந்தால் அதைப் பெட்டியிலேயே விடுங்கள், ஊசித் துளை வழியாகப் பார்ப்பது போல இருக்கும். பிளாஸ்டிக் பார்லோவும் அப்படியே. 900 மி.மீ. குழாய்க்கு முதலில் வாங்க வேண்டியது 66 பாகை அகலப் பார்வை கொண்ட 6 மி.மீ. ஐபீஸ். 150 மடங்கு, 90 மி.மீ.க்குத் தாங்கும். 70 மி.மீ. என்றால் 9 மி.மீ. எடுங்கள், 100 மடங்கு. எதை வாங்கினாலும் 1.25 அங்குல மூக்கா என்று பாருங்கள். பழைய 0.965 அங்குல ஃபோகசர் (ஐபீஸ் செருகும் பகுதி) உள்ள டெலஸ்கோப்புக்கு நல்ல ஐபீஸ் கிடைப்பது கஷ்டம்.

டயகனலில் (ஒளியைத் திருப்பி ஐபீஸுக்கு அனுப்பும் பாகம்) கவனம். பிம்பத்தை நேராகக் காட்டும் 45 பாகைப் பட்டகம் பகலில் கோபுரம் பார்க்க நல்லது. வியாழனை அதில் பார்த்தால் குறுக்கே ஒரு ஒளிக்கோடு ஓடும், உச்சியில் இருப்பதைப் பார்க்கக் கழுத்தும் போய்விடும். நம்மூரில் வியாழன், சனி, செவ்வாய் எல்லாம் உச்சம் கடக்கும்போது 50 பாகைக்கு மேலேதான், சில ஆண்டுகளில் தலைக்கு நேரே. ஆகவே 90 பாகை கண்ணாடி டயகனல் தனியாக வாங்கினாலும் தகும்.

தலைக்கு நேரே போவதில் இன்னொரு சிக்கல், நீளக் குழாயின் வால் ட்ரைபாட் காலில் இடிக்கும். அந்த நேரம் இரண்டு கால்களுக்கு நடுவே வால் வரும்படி ட்ரைபாடைத் திருப்புங்கள். சில அல்ட்-அசிமத் மவுண்ட்களில் குழாயை 60 பாகைக்கு மேல் தூக்கினால் வால் தானாகச் சரியும். குழாயின் எடை அச்சுக்கு மேலே உட்கார்ந்திருப்பதுதான் காரணம். வளையத்தைத் தளர்த்திக் குழாயை ஓரிரு அங்குலம் முன்னால் தள்ளி, உராய்வுத் திருகைச் சற்று இறுக்குங்கள்.

ஆட்டம் பார்க்க: 90 மடங்கில் ஒரு நட்சத்திரத்தை வைத்து, குழாயை விரலால் ஒரு தட்டு. இரண்டு விநாடியில் அடங்கினால் நல்ல ட்ரைபாட். ஐந்து விநாடி ஆடினால் ஃபோகஸ் செய்வதே எரிச்சலாகிவிடும். கால்களை நீட்டாமல் நாற்காலி போட்டு உட்கார்ந்து பாருங்கள், நடுத்தட்டிலிருந்து 2 லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிடுங்கள். பாதி ஆட்டம் அதிலேயே போகும்.

பெட்டி பிரித்த முதல் வாரத்திலேயே லென்ஸைச் சோதித்துவிடுங்கள், மாற்றித் தர ஆகும். பிரகாசமான நட்சத்திரம், 90 மடங்கு, ஃபோகஸை லேசாகக் கலையுங்கள். ஒன்றுக்குள் ஒன்றாக வட்ட வளையங்கள் தெரிய வேண்டும். வளையங்கள் ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தால் லென்ஸ் சாய்ந்திருக்கிறது, விலை குறைந்தவற்றில் அதைச் சரிசெய்யத் திருகே இருக்காது. முக்கோணமாகத் தெரிந்தால் லென்ஸ் வளையம் அளவுக்கு மேல் இறுகியிருக்கிறது. மகளுக்குச் சோதனையாக, சப்தரிஷி மண்டலத்து வசிட்டரைக் காட்டுங்கள். அருந்ததி வெறும் கண்ணுக்கே தனியாகத் தெரியும். டெலஸ்கோப்பில் வசிட்டரே இரண்டாகப் பிரிய வேண்டும், இடைவெளி 14 விகலை. 36 மடங்கில் பிரியவில்லை என்றால் ஏதோ தப்பு.

பாளைவானம்:

எல்லோருக்கும் நன்றி. 90/900 அல்ட்-அசிமத் வந்துவிட்டது. 25இல் நிலா அருமை. ஆனால் 10 போட்டால் வெறும் கறுப்பு, ஒன்றுமே தெரியவில்லை. சனி மாவு உருண்டை மாதிரி கொதிக்கிறது. சூரியனைப் பார்க்க ஐபீஸில் மாட்டும் ஃபில்டர் ஒன்றும் கடைக்காரர் தந்தார்.

குவியம்:

முதலில் அந்தச் சூரிய ஃபில்டரை உடைத்துக் குப்பையில் போடுங்கள். யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம். லென்ஸ் குவித்த வெப்பம் முழுக்க அந்தச் சின்னக் கண்ணாடியில்தான் விழும். அது வெடித்தால் கண்ணை எடுக்க நேரம் இருக்காது. சூரியனுக்கு ஃபில்டர் குழாயின் முன்வாயில்தான் இருக்க வேண்டும். ஒளி அடர்த்தி 5.0 என்று குறித்த பாடர் சூரியத் தாள் வாங்கி, அட்டை வளையத்தில் சுருக்கம் விழுந்தாலும் பரவாயில்லை என்று தளர்வாக ஒட்டி, காற்றில் கழலாதபடி டேப் போடுங்கள். 3.8 என்று இருப்பது கேமராவுக்கு, கண்ணுக்கு அல்ல. ஒவ்வொரு முறையும் தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துத் துளை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஃபைண்டரையும் (குறிபார்க்கும் சின்ன டெலஸ்கோப்) மூடிவிடுங்கள்.

10இல் கறுப்பு என்றால் நிலா பார்வைக்கு வெளியே போய்விட்டது. 25இல் தெரியும் வட்டத்தில் பாதிகூட 10இல் தெரியாது. 25இல் சரியாக நடுவில் கொண்டுவந்து, குழாயை அசைக்காமல் ஐபீஸை மாற்றி, ஃபோகஸ் குமிழை மெதுவாக இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள். ஃபைண்டரைப் பகலிலேயே தூரத்துச் செல்போன் கோபுர உச்சியை வைத்துச் சரிசெய்துவிடுங்கள். முன்மூடி முழுவதும் கழன்றிருக்கிறதா என்றும் பாருங்கள். சின்ன மூடியை மட்டும் கழற்றிவிட்டு 90 மி.மீ. டெலஸ்கோப் என்று நினைத்துப் பார்ப்பவர்கள் நிறையப் பேர்.

கொதிப்புக்கு உங்கள் மாடிதான் காரணம். பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் இரவு பத்து மணி வரை சூட்டைக் கக்கும். சாயங்காலமே இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிவிடுங்கள், அல்லது பத்து மணிக்கு மேல் பாருங்கள். டெலஸ்கோப்பை இருபது நிமிடம் முன்பே வெளியே வைத்துவிடுங்கள்.

ஐபீஸ்பெட்டி:

போன் படத்துக்கு 25 மி.மீ.யே போதும். கவ்விப் பிடிக்கும் அடாப்டர் வாங்குங்கள், கையில் பிடித்தால் நடுவிலேயே நிற்காது. திரையில் நிலாவை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைக் குறையுங்கள், 3 விநாடி டைமர் வையுங்கள்.

பார்த்து முடித்ததும் லென்ஸ் மேல் பனி இருந்தால் துடைக்காதீர்கள், மூடியும் போடாதீர்கள். வீட்டுக்குள் ஃபேன் காற்றில் தானாகக் காய்ந்த பிறகுதான் மூடி. ஈரத்தோடு மூடினால் பூஞ்சை லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரிப் படரும், பூச்சையும் அரித்துவிடும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் ஒரு கைப்பிடி போட்டு, நிறம் மாறினால் வாணலியில் லேசாகச் சூடாக்கித் திரும்பப் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வாரம் ஒரு தடவை வெளியே எடுத்துக் காற்றாட வையுங்கள்.