மட் வரியும் கட்டி ஹெச்ஓஏ-வுக்கும் ஏன் கட்டணும்?

புதுவீட்டுக்காரன்:
டெக்சஸில் ஹூஸ்டன் பக்கம் கேட்டி ஊரில் ஒரு புது சப்டிவிஷனில் (மனைப்பிரிவில்) வீடு பார்த்திருக்கிறோம், விலை 4 லட்சம் டாலர். மட் (MUD, முனிசிபல் யூட்டிலிட்டி டிஸ்ட்ரிக்ட்) வரி நூறு டாலர் மதிப்புக்கு 1.20 என்கிறார் ஏஜென்ட். அது போக ஹெச்ஓஏ (HOA, வீட்டுக்காரர் சங்கம்) வருடத்துக்கு 1,100. ஒரே ஏரியாவுக்கு எதற்கு இரண்டு தண்டல்? நான் ஹெச்1பி வேலை விசாவில் இருக்கிறேன். இந்த அமைப்புகளில் நம் பேச்சு எடுபடுமா?

சைப்ரஸ் அக்கா:
தம்பி, மட் ஒரு அரசு அமைப்பு, ஹெச்ஓஏ வீட்டுக்காரர்கள் சங்கம். ரெண்டையும் குழப்பாதீங்க. நகர எல்லைக்கு வெளியே குடிநீர், கழிவுநீர், மழைநீர் வடிகால் எல்லாவற்றுக்கும் டெவலப்பர் முதலில் கைக்காசைப் போடுவார். மட் பின்னால் பாண்டு (கடன் பத்திரம்) வெளியிட்டு அதை அவருக்குத் திருப்பிக் கொடுக்கும். அந்தக் கடனுக்கும் பராமரிப்புச் செலவுக்கும்தான் நீங்கள் வருடம் 4,800 டாலர் வீதம் கட்டப் போகிறீர்கள். வீடுகள் பெருகினால் கடன் பலர் தலையில் பிரிந்து, விகிதம் பொதுவாக இறங்கும். ஆனால் கையெழுத்துக்கு முன்பே விற்பவர் உங்களுக்கு மட் நோட்டீஸ் தர வேண்டும், அது டெக்சஸ் சட்டம். அதில் வாக்காளர்கள் அனுமதித்த பாண்டு எவ்வளவு, இதுவரை வெளியிட்டது எவ்வளவு என்று இருக்கும். இரண்டுக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால் இன்னும் பாண்டு வரலாம், வரி சீக்கிரம் இறங்கும் என்று நம்பாதீர்கள்.

மட் போர்டில் ஐந்து இயக்குநர்கள். தேர்தலில் குடிமக்கள்தான் ஓட்டுப் போட முடியும், நமக்குக் கிடையாது. ஆனால் கூட்டம் பொதுக்கூட்டம், யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். ஹெச்ஓஏ-வில் மனைக்குத்தான் ஓட்டு, விசா கேட்க மாட்டார்கள். அதனால் நம் ஆட்கள் அங்கே போர்டு தேர்தலில் நிற்கணும் என்பது என் கட்சி. நம்மவர்கள் வாட்ஸப்பில் மட்டும் பொங்குவார்கள், ஆண்டுக் கூட்டத்தில் பாதி நாற்காலி காலியாகத்தான் இருக்கும்.

என் வாசலில் பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம் தொங்கும். சீசன் முடிந்தும் எடுக்காத பண்டிகை அலங்காரம் என்று ஹெச்ஓஏ-விடமிருந்து கடிதம் வந்தது. கூடவே பக்கத்து வீட்டு ஹாலோவீன் பூசணிக்காய்க்கும் ஒன்று! இது மத நம்பிக்கை சார்ந்தது, டெக்சஸ் சொத்துச் சட்டம் 202.018-ஐப் பாருங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். முன்பு வாசல் கதவில் 25 சதுர அங்குலத்துக்குள்தான் அனுமதி. 2021-இல் அந்த அளவுக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்கள். அப்புறம் பேச்சில்லை.

பழைய ஷுகர்லாண்ட்:
அக்கா சொன்னது சரி. ஒன்று சேர்க்கிறேன். நகரம் இந்த இடத்தைத் தன் எல்லைக்குள் சேர்த்துக்கொள்ளும், மட் ஒருநாள் போய்விடும் என்று விற்பவர்கள் ஆசை காட்டுவார்கள். 2017 டிசம்பரில் ஷுகர் லாண்ட் நகரம் கிரேட்வுட், நியூ டெரிட்டரி என்ற குடியிருப்புப் பகுதிகளைச் சேர்த்துக்கொண்டபோது அங்கிருந்த மட்கள் போயின, வீட்டுக்காரர் சங்கங்கள் மட்டும் அப்படியே நின்றன. ஆனால் 2019 சட்டத்துக்குப் பிறகு அங்கே இருப்பவர்களின் சம்மதம் இல்லாமல் பெரும்பாலும் சேர்க்க முடியாது. மட் போய்விடும் என்ற கணக்கில் வீடு வாங்காதீர்கள்.

புது சப்டிவிஷன் என்றால் ஹெச்ஓஏ போர்டு டெவலப்பர் கையில்தான் இருக்கும். முக்கால்வாசி மனைகள் விற்ற 120 நாளுக்குள் போர்டில் மூன்றில் ஒரு பங்காவது வீட்டுக்காரர்கள் தேர்ந்தெடுத்தவர்களாக இருக்க வேண்டும். அதுவரை பொறுமைதான்.

புதுவீட்டுக்காரன்:
நன்றி அக்கா, அண்ணா. வீட்டுக்குப் பின்னால் ஒரு குளம் இருக்கிறது. பாசி பிடித்தால் யாரைக் கேட்பது?

சைப்ரஸ் அக்கா:
வெள்ளநீர் தேக்கக் குளமாக இருந்தால் பெரும்பாலும் மட். சுற்றியுள்ள நடைபாதையும் பெஞ்சும் ஹெச்ஓஏ-வாக இருக்கலாம். அழகுக்கு வெட்டியது என்றால் மொத்தமும் ஹெச்ஓஏ தலையில் விழும். குளம் யார் பெயரில் இருக்கிறது என்று கவுண்டியின் சொத்து மதிப்பீட்டு அலுவலக வரைபடத்தில் பார்த்துவிடுங்கள்.