மூடிய வால்வுக்குப் பின்னால் வெப்ப அடுக்கோட்டம்: அனுபவப் பகிர்வு

குழாய்த் தகைவு (stress) பிரிவிலிருந்து:
அணுமின் நிலையத்தில் கிடையாகப் போகும் குழாயில் சூடான நீரும் குளிர்ந்த நீரும் மெதுவாக நகரும்போது கலக்காது. சூடானது மேலே, குளிர்ந்தது அடியில் என்று தனித்தனியாக ஓடும். இதுதான் வெப்ப அடுக்கோட்டம். மேல்பக்கம் அதிகம் நீள்வதால் குழாய் மேல்நோக்கி வளையும். 14 அங்குலத் துருப்பிடிக்கா எஃகுக் குழாய், 10 மீட்டர் நீளம், மேலுக்கும் கீழுக்கும் 100 டிகிரி வித்தியாசம் என்றால், தடையில்லாமல் விட்டால் நடுப்பகுதி சுமார் 60 மி.மீ. தூக்கும். இது வெப்பநிலை மேலிருந்து கீழே சீராக இறங்கினால் வரும் கணக்கு. அடுக்குகளின் எல்லை நடுவில் கத்தியால் வெட்டினாற்போல் இருந்தால் இன்னும் கால் பங்கு கூடும்.

அமெரிக்காவின் ஓரிகனில் இருந்த ட்ரோஜன் அணுமின் நிலையத்தின் சர்ஜ் லைன் (பிரஷரைசர் என்னும் அழுத்தம் காக்கும் கலனையும், உலையிலிருந்து சூடான நீர் வெளிவரும் ஹாட் லெக் குழாயையும் இணைக்கும் குழாய்) இப்படித்தான் நகர்ந்து, குழாய் உடைந்தால் துள்ளாமல் பிடிக்கும் சட்டகத்துக்கு விட்டிருந்த இடைவெளியை அடைத்து, நிரந்தரமாக வளைந்தது. முழுத் திறனில் பிரஷரைசர் ஏறத்தாழ 345 டிகிரி, ஹாட் லெக் 325 டிகிரி, வித்தியாசம் சிறிது. ஆபத்தான நேரம் உலையைச் சூடேற்றும்போதுதான். பிரஷரைசர் முன்னமே கொதிநிலையில் இருக்கும், ஹாட் லெக் இன்னும் சூடாகியிருக்காது.

இயக்கப் பிரிவிலிருந்து:
தகைவுப் பிரிவு சார் சொன்னது ஓட்டம் உள்ள லைன். எங்களுக்குப் பெரிய தலைவலி, ஓட்டமே இல்லை என்று நினைக்கும் லைன்தான். 1987 டிசம்பரில் அமெரிக்காவின் ஃபார்லி அணுமின் நிலையத்து 2-ஆம் உலையில் அவசரக் குளிரூட்டும் 6 அங்குலக் குழாயில் கசிவு கண்டார்கள். மூடியிருந்த குளோப் வால்வு லேசாகக் கசிந்தது. பம்பு அழுத்தம் உலை அழுத்தத்தைவிட அதிகம் என்பதால் அந்தக் குளிர்நீர் செக் வால்வை (ஒரு பக்கம் மட்டும் திறக்கும் வால்வு) திறந்துகொண்டு உள்ளே போய், சூடான குழாயின் அடியில் படர்ந்தது. வெப்பநிலை ஏறி இறங்கி ஏறி இறங்கி, வெல்டின் அடிப்பக்கம் உலோகச் சோர்வால் விரிசல் விட்டது. அந்த இடத்துக்கும் உலைக்கும் இடையே அடைக்க வால்வே கிடையாது. அதனால்தான் இதை இவ்வளவு வலியுறுத்துகிறேன். அடுத்த ஆண்டு பெல்ஜியத்தின் டிஹாஞ்ச் 1 உலையிலும் இதே வகைக் குழாய் கசிந்தது.

ஆய்வுப் பிரிவிலிருந்து:
டிஹாஞ்ச் விரிசல் வெல்டில் இல்லை, எல்போவின் (குழாயின் வளைவுத் துண்டின்) மூல உலோகத்தில். வெல்டை மட்டும் அல்ட்ராசோனிக்கில் பார்த்துவிட்டு வந்தால் தவறிப்போகும். எல்போ முழுவதையும் ஸ்கேன் செய்யுங்கள்.

தெர்மோகப்பிளை (வெப்பநிலை அளக்கும் கம்பி) 12, 3, 6 மணித் திசைகளில், அதாவது குழாயின் மேல், பக்கம், அடியில், எஃகுப் பட்டையால் இறுக்கிக் கட்டி, மேலே இன்சுலேஷனைச் சரியாக மூடுங்கள். பட்டை தளர்ந்தால் ஒரு முனை மட்டும் குறைவாகக் காட்டும், அடுக்கு உருவானது போலவே தெரியும். ஃபார்லியில் ஏற்ற இறக்கம் நிமிடக் கணக்கில் நடந்தது. மணிக்கு ஒருமுறை பதிவெடுத்தால் அது தெரியாமலே போகும். அடுக்கு எல்லை வினாடிக்குள் துடிப்பதை வெளிச்சுவர் அளவீடு காட்டாது, சுவர்த் தடிமன் அதை விழுங்கிவிடும். அந்தப் பங்கைச் சோர்வுக் கணக்கில் தனியாகச் சேர்க்கணும்.