பட்டிப்பளை ஆற்றுப் பழங்கதை தெரிஞ்சவங்க சொல்லுங்க

இலங்கையில அம்பாறைப் பக்கம் வயல் செய்த குடும்பத்தாக்களிட்ட ஒரு உதவி. இப்ப எல்லாரும் கல்லோயா எண்டு சொல்ற ஆறு, எங்கட அம்மப்பாவுக்கு எப்பவும் பட்டிப்பளை ஆறுதான். 1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கி, இங்கினியாகலையில அணை கட்டி, சேனநாயக்க சமுத்திரம் எண்ட பெரிய குளத்துல தண்ணிய மறிச்சாங்க. எங்கட வட்டைக்கு (வயல்வெளிக்கு) சிறுபோகத் தண்ணி இண்டைக்கும் அங்கிருந்துதான் வருது.

அணைக்கு முன்னம் எப்பிடி இருந்திச்சு? மாரியில வெள்ளம் எதுமட்டும் ஏறும், தோணி எங்க விட்டாங்க, அழிஞ்சுபோன வட்டைப் பேருகள் என்ன? அம்மப்பா சொல்லேக்க நான் காது குடுக்கல்ல. இப்ப அவரும் இல்ல.

வீட்டுல பெரியாக்கள் இருந்தா கேட்டு, குரலாப் பதிஞ்சு அனுப்புங்க. வயலுக்குத் தண்ணி பங்கிடுற வட்டவிதானைமார்ர பழைய தண்ணிமுறைக் கொப்பி ஆரிட்டயும் இருந்தா, போன்ல படம் எடுத்தாலே காணும்.