தி பிக் பிராட்காஸ்ட் (1932): பிங் கிராஸ்பி குரல் மெலிசா கேக்குது, சப்டைட்டிலும் லேட்டா வருது, உதவி பண்ணுங்க

கிட்டார்_கதிர்:
வணக்கம் மக்களே. 1932ல பாராமவுண்ட் எடுத்த தி பிக் பிராட்காஸ்ட் படம், எங்க சித்தப்பா ஐரோப்பாவுல வேலை பார்த்தப்போ டிவில போட்டத டிஸ்க்ல பதிஞ்சு வச்சிருந்தாரு, அத எம்கேவி ஃபைலா மாத்தி லேப்டாப்ல போட்டு பார்த்துட்டு இருக்கேன். எனக்கு அதுல முக்கியமா வேண்டியது 'ப்ளீஸ்' பாட்டு. அமெரிக்கப் பாடகர் பிங் கிராஸ்பி பாட, பக்கத்துல எடி லாங் ஒத்தை கிட்டார்ல வாசிப்பாரே அந்த சீன். அவரோட விரல் நல்லா தெரியுற மாதிரி எடுத்திருக்காங்க, அத பார்த்து பார்த்து பழகலாம்னு ஆசை.

பிரச்சனை என்னன்னா என் கிட்டார ட்யூனர் வச்சு சரியா ட்யூன் பண்ணிட்டு கூட வாசிச்சா எந்த கார்டும் ஒட்டவே மாட்டேங்குது, ஒரு ஃபிரெட் ஏத்தி வாசிச்சா அதுவும் கொஞ்சம் ஓவரா போகுது, ரெண்டுக்கும் நடுவுல எங்கயோ நிக்குது. பிங் குரலும் ரெக்கார்டுல கேட்ட அந்த கனமான குரல் மாதிரி இல்ல, ஏதோ சின்னப்பையன் பாடுற மாதிரி மெலிசா இருக்கு. படம் 80 நிமிஷம்னு புத்தகத்துல போட்டிருக்கு, என் ஃபைல்ல 76 நிமிஷம் 48 செகண்ட்தான் இருக்கு. நெட்ல கிடைச்ச சப்டைட்டில் ஆரம்பத்துல சரியா வந்துட்டு போகப்போக பின்னாடி தங்கி கடைசில 3 நிமிஷத்துக்கு மேல லேட்டா வருது. வேகமா ஓடுதோன்னு விஎல்சி பிளேயர்ல ஸ்பீட கம்மி பண்ணியும் பார்த்தேன், படம் மெதுவா ஓடுது ஆனா குரல் அதே மெலிசுதான். டிஸ்க் கெட்டுப்போச்சா, இல்ல படத்தையே வெட்டிட்டாங்களா?

படப்பெட்டி_மீனா:
எனக்கு மொத சந்தேகம் வெட்டு மேலதான் கதிர். இது 1934க்கு முன்னாடி வந்த படம், அந்த வருஷம் ஜூலைல இருந்துதான் ஹாலிவுட்ல தணிக்கை விதிய கறாரா அமல்படுத்துனாங்க, அதுக்கு முன்னாடி வந்த படங்கள திரும்ப வெளியிடுறப்போ சீன் சீனா வெட்டித்தான் விட்டாங்க. இந்தப் படத்துல வெட்டுறதுக்கு ரெண்டு இடம் ரெடியா இருக்கு. ஒண்ணு கேப் கேலோவே பாடுற பாட்டு, அது முழுக்க போதை சமாச்சாரம், கைல மூக்குல சைகை வேற காட்டுவாரு. இன்னொண்ணு பிங்கும் ஸ்டூவர்ட் எர்வினும் காதல்ல தோத்து குடிச்சுட்டு கேஸ திறந்து விட்டு சாகலாம்னு உக்காந்திருக்கிற சீன், அத காமெடியா எடுத்திருக்காங்க, இன்னைக்கு பார்த்தாலும் கொஞ்சம் திக்குன்னுதான் இருக்கும். ரெண்டும் உங்க ஃபைல்ல முழுசா இருக்கான்னு பாருங்க.

கிட்டார்_கதிர்:
ரெண்டுமே இருக்கு மீனாக்கா. கேப் கேலோவே பாட்டு முழுசா ஓடுது, கேஸ் சீன்ல சுவத்துல பேய் மாதிரி உருவம் தெரியுறது வரைக்கும் இருக்கு. பாட்டு எதுவும் நடுவுல அறுந்த மாதிரியும் தெரியல.

சவுண்டு_சேகர்:
தம்பி, டிஸ்க்கும் கெடல, படத்தையும் யாரும் வெட்டல. நீங்க சொன்ன நாலு விஷயமும் ஒரே காரணத்துல இருந்து வருது. சினிமா ஃபிலிம் செகண்டுக்கு 24 பிரேம். ஐரோப்பாவுல இருந்த பால் டிவி முறைல செகண்டுக்கு 25 பிரேம். அங்க டிவில படம் போடுறவங்க கூடுதலா ஒரு பிரேம் எங்க இருந்து கொண்டு வர்றதுன்னு தலைய பிச்சுக்காம படத்தையே 25ல ஓட விட்டுருவாங்க. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, ஆனா சவுண்டும் சேர்ந்து 4 சதவீதத்துக்கு கொஞ்சம் மேல வேகமா ஓடும், வேகம் ஏறினா சுருதியும் ஏறும்.

கணக்கு போட்டு பாருங்க, 80 நிமிஷத்த 24ஆல பெருக்கி 25ஆல வகுத்தா 76.8 நிமிஷம், அதாவது 76 நிமிஷம் 48 செகண்ட். உங்க ஃபைல் நீளம் அச்சு அசலா அதேதான். சப்டைட்டில் 80 நிமிஷ பிரதிக்கு எழுதுனது, அதனால 76.8ல முடியுற படத்துக்கு கடைசில 3 நிமிஷத்துக்கு மேல பின்தங்கத்தான் செய்யும். வெட்டா இருந்தா சப்டைட்டில் ஒரு இடத்துல திடீர்னு தாவும், இப்படி சீரா நழுவாது. இதுதான் எனக்கு முக்கியமான அடையாளம்.

ஃபைலோட விவரம் காட்டுற மீடியாஇன்ஃபோ போட்டு ஃபைல திறந்து பிரேம் ரேட்டுன்னு இருக்கிற வரிய பாருங்க, 25.000ன்னு இருக்கணும். இன்னும் உறுதி வேணும்னா சவுண்டு எடிட் பண்ற ஆடாசிட்டில சவுண்ட எடுத்து போட்டு யாரும் பேசாத இடமா பார்த்து செலக்ட் பண்ணி பிளாட் ஸ்பெக்ட்ரம் கொடுங்க. அமெரிக்கால கரண்ட் பெரும்பாலும் 60 ஹெர்ட்ஸ், அந்தக் காலத்து ரெக்கார்டிங்ல அந்த கரண்ட் ரீங்காரம் (ஹம்) மெலிசா ஒட்டிக்கிட்டு இருக்க வாய்ப்பு உண்டு. அது 60லயோ 120லயோ நிக்காம 62.5லயோ 125லயோ முளைச்சு நின்னா 25/24 வேகம்னு கண்ண மூடிட்டு சொல்லிரலாம்.

ராகவி_வீணை:
குறுக்க வர்றேன், இந்த 25/24 விகிதம் பார்த்ததும் சும்மா இருக்க முடியல. நம்ம சுருதிக் கணக்குல ந்யூன சுருதின்னு சொல்ற இடைவெளி இதே 25/24தான். அரைக்கட்டை ஏத்தினா ஒரு ஃபிரெட், ந்யூனம் அதுல முக்காலுக்கும் கொஞ்சம் கம்மி. அதனாலதான் கதிருக்கு ட்யூன் பண்ண இடத்துலயும் சேரல ஒரு ஃபிரெட் ஏத்தினாலும் சேரல. காது சரியாத்தான் சொல்லியிருக்கு தம்பி.

கிட்டார்_கதிர்:
25.000ன்னே இருக்கு சேகர் அண்ணா! ஸ்பெக்ட்ரம்லயும் 125 பக்கத்துல கூர்மையா ஒரு முள்ளு நிக்குது. ஆனா விஎல்சில மெதுவாக்கியும் குரல் ஏன் இறங்கல?

சவுண்டு_சேகர்:
விஎல்சி தானாவே ஒரு வேலை பண்ணும், வேகத்த மாத்தினாலும் சுருதிய அப்படியே பிடிச்சு வச்சுக்கும். பாடம் கேக்குறவங்களுக்கு அது வசதி, நமக்கு அதுதான் தொல்லை. ப்ரிஃபரன்சஸ் போய் ஆடியோல டைம் ஸ்ட்ரெச்சிங்னு ஒரு டிக் இருக்கும், அத எடுத்துருங்க. அப்புறம் கீழ ஷோ செட்டிங்ஸ்ல ஆல் போட்டு இன்புட் கோடெக்ஸ் பக்கத்துல பிளேபேக் ஸ்பீடுன்னு பெட்டில 0.96 அடிச்சு சேவ் பண்ணி விஎல்சிய மூடி திறங்க. இப்ப குரல் இறங்கும். வேற படம் பார்க்கும்போது திரும்ப 1 ஆக்கிக்கங்க.

நிரந்தரமா சரி பண்ணணும்னா ஆடாசிட்டில சவுண்ட் மொத்தத்தையும் செலக்ட் பண்ணி எஃபெக்ட்ல சேஞ்ச் ஸ்பீடு அண்ட் பிட்ச் எடுங்க (பழைய வெர்ஷன்ல வெறும் சேஞ்ச் ஸ்பீடு), மல்டிப்ளையர் 0.960. பக்கத்துலயே சேஞ்ச் டெம்போ, சேஞ்ச் பிட்ச்னு ரெண்டு இருக்கும், அதுல கை வைக்காதீங்க, ரெண்டுமே சவுண்ட வெட்டி ஒட்டித்தான் வேலை பண்ணும், கிட்டார் தந்தி தட்டுற அந்த முனை மழுங்கிரும். அப்புறம் படம், சவுண்டு, சப்டைட்டில ஒரே ஃபைலா சேர்க்குற எம்கேவிடூல்நிக்ஸ்ல படத்த போட்டு டிஃபால்ட் டியூரேஷன் 24பின்னு கொடுத்து, பழைய சவுண்டோட டிக்க எடுத்துட்டு புதுச வச்சு சேருங்க. சப்டைட்டிலுக்கு ஒண்ணும் பண்ண வேண்டாம்.

படப்பெட்டி_மீனா:
சேகர் சார் விளக்கம் அருமை. இன்னொரு விஷயம், பிங் குரல் ரெக்கார்டுல கனமா இருக்குன்னு சொன்னீங்கல்ல, ஒப்பிட்டுப் பார்க்க அந்த பிரன்ஸ்விக் கம்பெனி ரெக்கார்ட வச்சுக்காதீங்க. அது ஆன்சன் வீக்ஸ் பேண்டோட தனியா பாடுனது, படத்துல இருக்கிறது வேற, எடி லாங்கோட ஒத்திகை மாதிரி உக்காந்து பாடுறது. சுருதி ஒண்ணா இருக்கணும்னு அவசியமே இல்ல. நிமிஷத்துக்கு 78 சுத்து சுத்துற பழைய ரெக்கார்ட கம்ப்யூட்டருக்கு மாத்துறவங்களும் ஆளாளுக்கு ஒரு வேகத்துல மாத்தி வச்சிருக்காங்க. உங்க ட்யூனரையே நம்புங்க.

எடி லாங் வாசிக்கிறத பழகணும்னு நினைச்சதுக்கே ஒரு பெரிய வணக்கம். அதுக்கு முன்னாடி பேண்டுல பாஞ்சோ இருந்த இடத்துல கிட்டார உக்கார வச்சவங்கள்ல அவருக்குத்தான் மொத மரியாதை. இந்தப் படம் வந்தது 1932 அக்டோபர், 1933 மார்ச்ல டான்சில் ஆபரேஷனுக்கு அப்புறம் முப்பது வயசுலயே போயிட்டாரு. அவரு கை ஓடுறத கண்ணால பார்க்க மிச்சம் இருக்கிற ஃபிலிம் ரொம்ப கம்மி, அதனால இந்த சீன் சரியான வேகத்துல சரியான சுருதில இருக்கணும்ங்கிறது எனக்கு சின்ன விஷயமா தெரியல.

வால்வு_ரேடியோ:
இழை நல்லா போகுது, நானும் ஒண்ணு கேட்டுக்குறேன். இதே படம்தான், என்கிட்ட இருக்கிறதுல வேகம் சரியா இருக்கு ஆனா பாட்டுக்கு பாட்டு சவுண்டு மாறுது. பாஸ்வெல் சிஸ்டர்ஸ், மில்ஸ் பிரதர்ஸ் வர்றப்போ ஒரு மாதிரி இருக்கு, காமெடி ஜோடி ஜார்ஜ் பர்ன்ஸும் கிரேசி ஆலனும் ஆபீஸ்ல பேசுறப்போ இன்னொரு மாதிரி. இரைச்சலும் ஏறி இறங்குது. மொத்தமா நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டுரலாமா?

சவுண்டு_சேகர்:
வேண்டாங்க ஐயா, தயவுசெஞ்சு மொத்தமா போடாதீங்க. சவுண்டு மாறுறதுக்கு காரணம் பிரதி இல்ல, படம் எடுத்த விதமே அப்படி. கேட் ஸ்மித், பாஸ்வெல் சிஸ்டர்ஸ், கேப் கேலோவே இவங்கல்லாம் அப்ப நியூயார்க் ரேடியோவுல வாராவாரம் நிகழ்ச்சி பண்ணிட்டு இருந்தவங்க, ஹாலிவுட் வர நேரம் கிடையாது, அதனால ரேடியோ ஆட்கள் பாடுற பாட்டு பலதையும் நியூயார்க்லயே எடுத்து, ஹாலிவுட்ல எடுத்த கதையோட ஒட்டியிருக்காங்க. வேற ஸ்டுடியோ, வேற மைக், வேற ரூம். ஒரு இடத்து இரைச்சல சாம்பிள் எடுத்து படம் முழுக்க போட்டீங்கன்னா இன்னொரு இடத்துல குரலையே தின்னுரும், தண்ணிக்குள்ள இருந்து பாடுற மாதிரி ஆயிரும். பாஸ்வெல் சகோதரிகள் மூணு பேரும் அவ்ளோ வேகத்துல சொல்ல உடைச்சு உடைச்சு பாடுறாங்க, அந்த ச, ட, க எல்லாம் இரைச்சலோட அதே உயரத்துலதான் இருக்கு.

அந்தக் காலத்து ஃபிலிம் சவுண்டுல 8000 ஹெர்ட்ஸுக்கு மேல பெரும்பாலும் பாட்டு ஒண்ணும் இருக்காது, வெறும் இரைச்சல்தான். ஆடாசிட்டில லோ பாஸ் ஃபில்டர் 8000ல வைங்க, காதுக்கு உறுத்துறது பாதி போயிரும். அதோட நிறுத்திக்கங்க.

வால்வு_ரேடியோ:
ரொம்ப நன்றி சார், அப்படியே பண்றேன். எனக்கு இந்தப் படம் பிடிச்சதே ரேடியோ ஸ்டேஷன் உள்ள எப்படி ஓடுச்சுன்னு காட்டுறதாலதான். ஸ்டேஷன் பேரு டபிள்யூஏடிஎக்ஸ், பாடகர் நேரத்துக்கு வர மாட்டேங்குறாரு, விளம்பரம் கொடுக்கிற முதலாளி குதிக்கிறாரு, மேனேஜர் ஜார்ஜ் பர்ன்ஸ் கைய பிசையுறாரு, கடைசில டெக்சாஸ்ல இருந்து வந்த எண்ணெய்ப் பணக்காரர் ஸ்டேஷனையே வாங்கிடுறாரு. அன்னைக்கு ரேடியோவ உண்மையிலயே ஓட்டுனது விளம்பர முதலாளிதான், நிகழ்ச்சியோட பேருலயே சுருட்டு பேரு இருக்கும்.

கிளைமாக்ஸ்ல பிங் வராம போயிட அவரோட கிராமஃபோன் ரெக்கார்ட தேடி ஊரெல்லாம் ஓடுறாங்களே, அது வெறும் காமெடி இல்ல தம்பிகளா. என்பிசி, சிபிஎஸ் ரெண்டு ரேடியோ நெட்வொர்க்கும் ரெக்கார்டு போடுறத ஒதுக்கியே வச்சிருந்தாங்க, எல்லாம் நேரடியா பாடணும், ரெக்கார்ட போட்டு ஆள் பாடுறாருன்னு சொன்னா அது ஊர ஏமாத்துறது. அந்த பயம்தான் அந்த ஓட்டத்துல இருக்கு. அத உடைச்சவரும் இதே பிங் கிராஸ்பிதான். 1946 அக்டோபர்ல ஏபிசி நெட்வொர்க்ல பில்கோ ரேடியோ டைம்ங்கிற நிகழ்ச்சி ஆரம்பிச்சப்போ முன்கூட்டியே பதிவு பண்ணித்தான் ஒலிபரப்புவேன்னு நின்னு ஜெயிச்சாரு, அடுத்த வருஷமே டேப்புக்கு மாறி ஆம்பெக்ஸ் டேப் மெஷின்ல காசும் போட்டாரு. ரேடியோவுல டேப் வந்த கதைல இந்த மனுஷனுக்கு பெரிய பங்கு இருக்கு.

கிட்டார்_கதிர்:
அண்ணா, முடிச்சிட்டேன்! ஆடாசிட்டில 0.960 போட்டு, எம்கேவிடூல்நிக்ஸ்ல 24பி கொடுத்து சேர்த்தேன், படம் சரியா 80 நிமிஷம் வருது. பிங் வாய திறந்ததும் எனக்கு புல்லரிச்சிடுச்சு, இதுதான் அந்தக் குரல். கிட்டாரும் ஒட்டுது, எடி லாங் ஒரு கார்டுல இருந்து அடுத்ததுக்கு போகும்போது நடுவுல பேஸ் தந்தில ரெண்டு மூணு சுரம் நடந்து போறாரே அது இப்பத்தான் என் காதுல விழுது. ஒரே ஒரு குறை, சப்டைட்டில் கடைசில இன்னும் ஒரு அஞ்சு செகண்ட் கிட்ட லேட்டா வருது.

சவுண்டு_சேகர்:
அது சப்டைட்டில் எழுதுனவர் அமெரிக்க வீடியோவ வச்சு எழுதுனதால. அங்க வீடியோவுல 24ங்கிறது உண்மைல 23.976, ஆயிரத்துல ஒரு பங்கு மெதுவு. 80 நிமிஷம்னா 4800 செகண்ட், அதுல ஆயிரத்துல ஒண்ணு 4.8 செகண்ட். எம்கேவிடூல்நிக்ஸ்ல சப்டைட்டில செலக்ட் பண்ணி ஸ்ட்ரெச் பைங்கிற பெட்டில 1000/1001 போட்டு திரும்ப சேருங்க, முடிஞ்சது. சவுண்ட தொடாதீங்க, அது இப்ப ஃபிலிமோட உண்மையான வேகத்துல இருக்கு.

படப்பெட்டி_மீனா:
கதிர், அந்த பேஸ் நடைய எழுத்துல குறிச்சீங்கன்னா இங்கயே போடுங்க, எங்க வீட்டுல ஒரு பையன் பழகிட்டு இருக்கான். சேகர் சார், 1938ல வந்த இதே வரிசைப் படம் தி பிக் பிராட்காஸ்ட் ஆஃப் 1938, பாப் ஹோப்பும் ஷெர்லி ராஸும் பாடுற பாட்டுக்கு ஆஸ்கர் வாங்குச்சே, அதுவும் என்கிட்ட பால் டிஸ்க்ல இருக்கு. அதுக்கும் 0.96தானா?

சவுண்டு_சேகர்:
படம் 91 நிமிஷம்மா. உங்க டிஸ்க்ல 87 நிமிஷம் சொச்சம்னு காட்டி, மீடியாஇன்ஃபோவுல 25ன்னும் இருந்தா அதே 0.96. ஆனா சில கம்பெனிங்க பால் டிஸ்க் போடுறப்பவே சுருதிய மட்டும் இறக்கி கொடுத்திருப்பாங்க, அப்ப படம் வேகமா ஓடும் குரல் சரியா இருக்கும். அப்படி இருந்தா சேஞ்ச் டெம்போல மைனஸ் 4 போடணும், இங்க மட்டும் டெம்போதான் சரி. அதனால மாத்துறதுக்கு முன்னாடி ட்யூனர் வச்சு ஒரு பாட்ட பார்த்துருங்க.